நிழலோடு ஒரு பள்ளி நாள்: தொடக்க வகுப்பில் பல செயல்பாடுகளை ஒரே இழையில் கோக்க முழுமையான வழிகாட்டி

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் என் பாடத்திட்டக் குறிப்பேடு பார்க்க அழகாக இருக்கும். காலையில் பாட்டு, பிறகு அட்டை விளையாட்டு, அடுத்து வெட்டி ஒட்டுதல், பிற்பகலில் நாடகம் என்று ஒரு நாளில் எட்டுச் செயல்பாடுகள் அடுக்கியிருப்பேன். ஒரு மாலையில் பிள்ளைகளிடம் "இன்று என்ன கற்றீர்கள்?" என்று கேட்டேன். "வெட்டினோம், ஒட்டினோம், நடித்தோம்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். கைகளுக்கு ஓயாமல் வேலை கொடுத்திருந்தேன், ஆனால் அந்த எட்டு வேலைகளையும் இணைத்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு நூலிழைகூட நான் கொடுக்கவில்லை.

அதன் பிறகு என் முறையை மாற்றிக்கொண்டேன். செயல்பாடுகள் பலவாக இருக்கட்டும், ஆனால் அவை சுற்றிவரும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளை ஒரே பொருளைக் காலையில் கண்ணால் பார்க்கிறது, பிறகு அளக்கிறது, வாசிக்கிறது, கணக்கிடுகிறது, வரைகிறது, மாலையில் எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் அதே பொருளின் வேறொரு பக்கம் தெரிகிறது. அப்படிப்பட்ட ஒரு நாளை எப்படித் திட்டமிட்டு நடத்துவது என்பதை இங்கே மணிவாரியாகச் சொல்கிறேன். எடுத்துக்கொண்ட பொருள் நிழல். செலவே இல்லாதது, எல்லாப் பிள்ளைக்கும் சொந்தமானது, அதைவிட முக்கியமாக நாள் முழுவதும் தானாகவே மாறிக்கொண்டிருப்பது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை, அதாவது மூன்றாம், நான்காம் வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நேரங்களை உங்கள் பள்ளி மணிக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

முந்தைய நாளே செய்ய வேண்டியவை

முதல் வேலை இடம் பார்ப்பது. காலை ஒன்பது மணி முதல் மாலை மூன்றேகால் வரை வெயில் தடைபடாத ஒரு திறந்தவெளி வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முறை செய்தபோது காலையில் நல்ல வெயிலாக இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். மதியம் வெளியே வந்து பார்த்தால் கட்டடத்தின் நிழல் எங்கள் குச்சிகள் எல்லாவற்றையும் மூடியிருந்தது. பிள்ளைகளின் ஏமாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே முந்தைய நாள் நீங்கள் அளக்கப்போகும் ஐந்து நேரங்களிலும் ஒரு நடை போய், எந்த நிழல் எங்கே வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது குச்சிகள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு குச்சி. மண் தரையானால் நட்ட பிறகு தரைக்கு மேல் சரியாக 50 சென்டிமீட்டர் நிற்கும்படி ஒரு கோடு போட்டுவையுங்கள். சிமென்ட் தரையானால் களிமண் உருண்டையில் குத்தி நிறுத்தலாம், அப்போதும் தரையிலிருந்து நுனி வரை 50 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எல்லாக் குச்சிகளும் ஒரே உயரமாக இல்லாவிட்டால் குழுக்களின் அளவுகளை ஒப்பிடவே முடியாது. குச்சி நேராக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவதே போதும்.

இவை போக, அளவு நாடா, சுண்ணக்கட்டி, கூழாங்கற்கள், நீளமான நாடாத் துணி அல்லது கெட்டி நூல், இரண்டு மூன்று டார்ச் விளக்குகள், ஓர் உலக உருண்டை, நூறு தீக்குச்சிகள், ரப்பர் பேண்டுகள். வானம் மூடிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பிற்பகலுக்கு வைத்திருக்கும் டார்ச் சோதனையைக் காலைக்குக் கொண்டுவந்து, வெளி அளவுகளை வெயில் அடிக்கும் வேறொரு நாளுக்கு ஒத்திவைப்பதே நல்லது. அரைகுறை வெயிலில் நிழலின் நுனி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக, வாசிப்புக்கு ஒரு பத்தி எழுதிவையுங்கள். பாடநூலில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களில், நூறு சொற்களுக்கு மேல் போகாமல், நிழலை வைத்து மனிதர்கள் நேரம் பார்த்ததைப் பற்றி எழுதினால் போதும். பழங்கால எகிப்தியர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நிழற்கடிகாரம் வைத்திருந்தார்கள் என்ற ஒரு செய்தியே பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைத்துவிடும்.

9.00: ஊகம், விளக்கம் அல்ல

வருகைப் பதிவு முடிந்ததும் வட்டமாக உட்காருங்கள். ஒரு குச்சியைக் காட்டி, "இதை வெளியே நட்டால் நிழல் விழும். இப்போது விழும் நிழலும், மதியம் விழும் நிழலும், மாலையில் விழும் நிழலும் எப்படி இருக்கும்? வரைந்து காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு தாள், மூன்று படங்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில் ஆசிரியர் செய்ய வேண்டிய மிகக் கடினமான வேலை, வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்று படத்திலும் ஒரே நீளத்தில் நிழல் வரையும் பிள்ளை இருக்கும். மதிய வெயில்தான் சுள்ளென்று அடிக்கிறது, ஆகவே மதிய நிழல்தான் பெரியது என்று வரையும் பிள்ளையும் இருக்கும். சூரியன் இருக்கும் பக்கமே நிழலையும் வரையும் பிள்ளையும் இருக்கும். எதையும் திருத்தாதீர்கள். தாளில் பெயர் எழுதி வாங்கி, சுவரில் ஒட்டிவிடுங்கள். தன் கருத்தை முதலில் வெளியே வைத்துவிட்ட பிள்ளைதான் பிறகு நடப்பதைக் கூர்ந்து கவனிக்கும். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால், அன்றைய அளவுகள் எல்லாம் நாம் சொன்னதைச் சரிபார்க்கும் வெறும் சடங்காகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சூரியனை நேரடியாகப் பார்க்கக் கூடாது. கண்ணாடி போட்டாலும், ஒரு நொடிதானே என்றாலும் கூடாது. நிழல் தரையில் இருக்கிறது, ஆகவே நம் கண்ணும் தரையில்தான். வெளியே போகும் ஒவ்வொரு முறையும் இதைப் பிள்ளைகளைக் கொண்டே சொல்ல வையுங்கள்.

9.15: முதல் அளவு

குழுவில் நான்கு பேருக்கும் நான்கு பொறுப்புகள். ஒருவர் குச்சி நேராக நிற்கிறதா என்று நூலை வைத்துப் பார்ப்பார். ஒருவர் நிழலின் நுனியில் கூழாங்கல்லோ சுண்ணக்கட்டிக் குறியோ வைப்பார். ஒருவர் அளப்பார். ஒருவர் நேரத்தையும் அளவையும் எழுதுவார். ஒவ்வொரு அளவுக்கும் பொறுப்பு கைமாறும். நாளில் ஐந்து அளவுகள் என்பதால் எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையையும் ஒரு முறையேனும் செய்துவிடும். ஐந்தாவது முறையில், யாருக்கு அளப்பதில் இன்னும் பழக்கம் தேவை என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அவர் கையில் நாடாவைக் கொடுங்கள்.

அளந்த கையோடு, நிழலின் நீளத்துக்கு ஒரு நாடாத் துண்டை வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் நேரத்தை எழுதிவைக்க வேண்டும். இந்தத் துண்டு எதற்கு என்று கேட்பார்கள். பதினொரு மணிக்குத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாக் குழுவும் ஒரே எண்ணைச் சொல்லாது. என் வகுப்பில் ஒரு முறை 61, 62, 62, 64, 72 என்று வந்தது. ஒரே உயரக் குச்சி, ஒரே சூரியன், பிறகு ஏன் வேறு வேறு எண்கள்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். 72 சொன்ன குழு தன் நாடாவை மீண்டும் வைத்துப் பார்த்தது. பூஜ்ஜியக் கோட்டிலிருந்து தொடங்காமல் 10 என்ற எண்ணிலிருந்து வைத்திருந்தது அதற்கே தெரிந்தது. 61, 62, 64 என்ற வேறுபாடு அப்படிப்பட்ட தவறு அல்ல. நிழலின் நுனி மங்கலாக இருக்கிறது, குச்சி சற்றுச் சாய்ந்திருக்கலாம், தரை மேடுபள்ளமாக இருக்கலாம். தவறு வேறு, அளவையில் இயல்பாக வரும் சிறு வேறுபாடு வேறு என்பதை எட்டு வயதுப் பிள்ளை கையால் உணர்ந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அளவு முடிந்ததும், குச்சிகளை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

9.40: வாசிப்பு

நீங்கள் எழுதிவைத்த பத்தியை முதலில் நீங்களே ஒரு முறை நிறுத்தி வாசியுங்கள். பிறகு குழுக்களாகப் பிரிந்துவிடலாம். நீங்கள் ஒரே ஒரு குழுவோடு உட்காருங்கள், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் உள்ள குழுவோடு. மற்றக் குழுக்கள் அதே பத்தியை இணை இணையாக மாறி மாறி வாசித்து, புரியாத சொல்லின் கீழ் கோடிட்டு, தாங்களே ஒரு கேள்வி எழுதிவைக்க வேண்டும்.

தடுமாறும் பிள்ளைக்கு வேறொரு எளிய பத்தி கொடுத்துத் தனியே உட்கார வைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அன்று வகுப்பு முழுவதும் பேசப்போகும் செய்தி அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. அதைப் பறித்துக்கொண்டால் பிள்ளை நாள் முழுவதும் வெளியே நிற்கும். பத்தி அதேதான், உதவிதான் கூடுதல். முதல் இரண்டு வரியை உங்களோடு சேர்ந்து வாசிக்கட்டும், அடுத்த வரியை விரல் வைத்துத் தானே வாசிக்கட்டும். ஒரு பிள்ளை அன்று நான்கு வரியை மட்டும் தெளிவாக வாசித்தாலும் அது முழு வாசிப்புதான்.

தமிழ் வகுப்புக்கு நிழல் தரும் பரிசு ஒன்று உண்டு. நிழல், நீளம், நிலம்: ழகரமும் ளகரமும் லகரமும் வரிசையாக வந்து நிற்கின்றன. "நிழலின் நீளத்தை நிலத்தில் அளந்தோம்" என்ற ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, நாவு எங்கே தொடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். லகரத்துக்கு நுனிநாக்கு மேல்பல்லின் அடியில் பொருந்துகிறது. ளகரத்துக்கு நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழகரத்துக்கு வளைந்து அண்ணத்தை நெருங்கினாலும் அழுந்தித் தொடுவதில்லை. பிள்ளைகள் மெதுவாகச் சொல்லிப் பார்த்து, ஒருவர் வாயை ஒருவர் உற்றுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடச் சத்தம்தான், ஆனால் மாலையில் அவர்கள் எழுதும் பத்தியில் அதன் பலன் தெரியும்.

10.30: இரண்டாம் அளவு, பிறகு இடைவேளை

வெளியே போனதும் "ஐயோ, நகர்ந்துவிட்டது!" என்ற கூச்சல் எழும். காலையில் வைத்த கூழாங்கல் தனியே வெயிலில் கிடக்கும். நிழல் சுருங்கியதோடு பக்கமும் மாறியிருக்கும். அளந்து எழுதிவிட்டு, நாடாவையும் வெட்டிக்கொண்டு இடைவேளைக்கு விட்டுவிடுங்கள். இங்கே பாடம் நடத்த வேண்டாம். அவர்களே பேசிக்கொள்வார்கள்.

11.00: கணக்கு

நாளின் மையம் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு நாடாத் துண்டுகளையும் ஒரு சார்ட்டில் பக்கம் பக்கமாக, அடிக்கோடு ஒன்றாக இருக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். அது தானாகவே ஒரு பட்டை வரைபடமாகிவிடுகிறது. பட்டை வரைபடம் என்றால் என்ன என்று சொற்களால் விளக்கிக் களைத்துப்போன நாட்கள் எனக்கு உண்டு. இங்கே பட்டை என்பது நிழலே. தான் வெட்டிய துண்டு என்பதால் அது எதைக் குறிக்கிறது என்ற ஐயமே பிள்ளைக்கு எழாது. கண்பார்வை குறைந்த பிள்ளை இருந்தால், விரலால் தடவியே எது நீளம், எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடும். ஐந்து அளவும் முடியும்போது சார்ட்டில் ஐந்து நாடாக்கள் இருக்கும்.

இப்போது கேள்வி: நிழல் எவ்வளவு சுருங்கியது? எங்கள் அளவுகள் காலை 62, பத்தரைக்கு 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நாடாக்களைப் பார்த்தே ஊகிக்கச் சொல்லுங்கள். இருபதா, முப்பதா? பெரும்பாலோர் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்வார்கள். பிறகு கணக்கு போடட்டும்.

சிலர் 33 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவு அல்ல. 62-இலிருந்து 35-ஐக் கழிக்கும்போது ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 5 போகாது, ஆகவே 5-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ, பெரும்பாலும் நாம்தான், எப்போதோ சொன்னதை அவர்கள் நம்பிக்கையோடு பின்பற்றுகிறார்கள். சிவப்பு மையால் சுழித்தால் இந்தப் பழக்கம் மாறாது. தீக்குச்சிகளை எடுங்கள். ஆறு பத்துக் கட்டுகள், இரண்டு தனிக் குச்சிகள். இதிலிருந்து முப்பத்தைந்தை எடுத்துக் கொடு என்று கேளுங்கள். மூன்று கட்டுகளைக் கொடுத்துவிடும். ஐந்து தனிக் குச்சிகள் கேட்டால் கையில் இரண்டுதான் இருக்கும். பிள்ளை ஒரு கணம் நிற்கும். பிறகு தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள், நீங்கள் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். மீதி இரண்டு கட்டு, ஏழு குச்சி. இருபத்தேழு.

அடுத்து அதே வேலையைப் படமாக வரையட்டும்: கட்டுக்கு ஒரு நீள்கோடு, தனிக் குச்சிக்கு ஒரு புள்ளி. அதன் பிறகே எண்களில் எழுதட்டும். கையால் செய்வது, படமாகக் காண்பது, குறியீடாக எழுதுவது என்ற இந்த மூன்று படிகளை 1960-களில் ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் தெளிவாக எடுத்துச் சொன்னார். இதில் நாம் வழக்கமாகத் தவறவிடுவது நடுப்படியைத்தான். குச்சியிலிருந்து நேரே எண்ணுக்குத் தாவிவிடுகிறோம், குச்சியை மேசையிலிருந்து எடுத்துவிட்டால் பிள்ளை திணறுகிறது.

முன்கூட்டியே முடித்துவிடும் பிள்ளைகளுக்கு மேலும் பத்துக் கழித்தல் கணக்கு கொடுப்பது தண்டனை போன்றது. அவர்களிடம் இதைக் கேளுங்கள்: "நம் குச்சி 50 சென்டிமீட்டர். காலையில் நிழல் அதைவிட நீளம், பத்தரைக்கு அதைவிடக் குட்டை. அப்படியானால் நடுவில் எப்போதோ நிழலும் குச்சியும் ஒரே அளவாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு மரத்தின் நிழலை அளந்தால் என்ன தெரியும்?" மரத்தின் உயரம் என்ற விடையைக் கண்டுபிடித்த ஒரு சிறுமி எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஏறாமலேயே மரத்தை அளந்துவிட்டாள் அல்லவா!

கேள்வி கேட்டபின் காத்திருப்பதைப் பற்றி ஒரு சொல். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தது தெரிந்தது. மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி என்பது எண்ணிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. நான் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொள்கிறேன், இன்றும்.

12.00: மூன்றாம் அளவு

நிழல் குச்சியின் காலடிக்கு அருகில் வந்திருக்கும். எங்களுக்கு 21 சென்டிமீட்டர் வந்தது. மதிய நிழல்தான் பெரியது என்று வரைந்த பிள்ளைகள் அமைதியாகச் சுவரில் ஒட்டியிருக்கும் தங்கள் தாளைப் பார்ப்பார்கள். அதைச் சுட்டிக்காட்டிப் பேச வேண்டாம், அந்தப் பார்வையே போதும்.

ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இரண்டு செய்திகள். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம் கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டின் நேரம் ஏதோ ஒரு தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்படுகிறது, உங்கள் ஊர் அதற்குக் கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் உச்சிப்பொழுது முன்பின்னாக வரும். இரண்டாவது, கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் உள்ள இடங்களில் ஆண்டுக்கு இரண்டு நாட்கள், உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். அப்போது நிமிர்ந்து நிற்கும் குச்சிக்கு நிழலே தெரியாது. அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் பள்ளிகளில் இது ஒருபோதும் நடக்காது.

1.00: கேட்கும் நேரம்

உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் பிள்ளைகள் கையில் எதுவும் வேண்டாம். தலையை மேசையில் சாய்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், நடந்த கதை. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் இருந்தார். தெற்கே சயீன் என்ற ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலில், நண்பகல் வெயில் கிணற்றின் அடிவரை நேராக இறங்குகிறது என்று கேள்விப்பட்டார். அதே நாள், அதே நண்பகல், அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் சாய்வு ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவைப் போல ஐம்பது மடங்குதான் பூமியின் சுற்றளவு என்று கணக்கிட்டார். பிள்ளைகளுக்குக் கோணக் கணக்கு புரிய வேண்டியதில்லை. தாங்கள் காலையில் செய்த அதே வேலையை வைத்து ஒரு மனிதர் பூமியையே அளந்தார் என்பது புரிந்தால் போதும்.

1.20: இருட்டறையில் டார்ச்

சன்னல்களை மூடிவிட்டு, குழுவுக்கு ஒரு பென்சிலும் டார்ச்சும் கொடுங்கள். டார்ச் குறைவாக இருந்தால் பாதி வகுப்பு சோதனை செய்யும்போது மறுபாதி காலைப் பத்திக்கான கேள்விகளுக்கு விடை எழுதட்டும். பணி இது: பென்சிலைத் தொடாமல் அதன் நிழலை நீளமாக்குங்கள், குட்டையாக்குங்கள், இடப்பக்கம் திருப்புங்கள். டார்ச்சைத் தாழ்த்தினால் நீள்கிறது, உயர்த்தினால் சுருங்குகிறது என்று ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது "காலையில் சூரியன் எங்கே இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் நிழலைப் பற்றிப் பல பிள்ளைகளுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்றதுதான் நிழலும் என்று நினைப்பார்கள். தன் நிழலை வரையச் சொன்னால் கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுவிடுவார்கள். இதை வாதாடி மாற்ற முடியாது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு பிள்ளையின் முகத்தைச் சுவரில் நிழலாக விழச்செய்து, கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேடவிடுங்கள். ஒளி போக முடியாத இடம்தான் நிழல் என்ற வாக்கியத்தை அவர்களே சொல்லும்போது கரும்பலகையில் எழுதுங்கள், அதற்கு முன்பு அல்ல.

பிறகு உலக உருண்டை. உங்கள் ஊர் இருக்கும் இடத்தில் சிறு களிமண் துளியில் ஒரு குண்டூசியை நட்டு, டார்ச்சை அசையாமல் பிடித்துக்கொண்டு உருண்டையை மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சுழற்றுங்கள். குண்டூசியின் நிழல் நீளமாகத் தொடங்கி, சுருங்கி, மறுபக்கம் நீண்டு, இருளில் மறையும். காலையிலிருந்து முற்றத்தில் நடப்பது உருண்டையின் மீது அரை நிமிடத்தில் நடந்து முடிகிறது. இதை மூன்று நான்கு முறையாவது காட்டச் சொல்லிக் கேட்பார்கள். காட்டுங்கள்.

2.00: நான்காம் அளவும் விளையாட்டும்

அளந்து எழுதிய பின் (எங்களுக்கு 33), இருவர் இருவராகச் சேரட்டும். ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் அவர் பாதத்தையும் நிழலையும் சுண்ணக்கட்டியால் சுற்றி வரைவார். மண் தரையில் குச்சியால் கீறலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் சக்கரங்களையும் சேர்த்து வரையுங்கள், அந்த நிழல்தான் வகுப்பிலேயே அழகாக இருக்கும். நிழலின் மேல் பெயர் எழுதிவிட்டு, நிழல் பிடிக்கும் விளையாட்டு: துரத்துபவர் ஆளைத் தொடக் கூடாது, நிழலை மிதிக்க வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் ஐந்து நிமிடத்தோடு நிறுத்தி, தண்ணீர் குடிக்கவிட்டு உள்ளே அழைத்துவந்துவிடுங்கள்.

2.35: எழுதுதல்

நாள் முழுவதும் பேசியதும் செய்ததும் இப்போதுதான் தாளுக்கு வருகின்றன. எழுதத் தொடங்குமுன் வினைச்சொற்களை மட்டும் கரும்பலகையில் திரட்டுங்கள்: நீள்கிறது, சுருங்குகிறது, சாய்கிறது, நகர்கிறது, மறைகிறது, ஒட்டிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் சொல்லும் சொல் எதுவானாலும் எழுதுங்கள். ஒரு பையன் "நிழல் குச்சிக்குள் ஒளிந்துகொண்டது" என்றான். அந்தச் சொல்லை அன்று பத்துப் பேர் தங்கள் தாளில் எடுத்துக்கொண்டார்கள்.

தலைப்பு கொடுக்க வேண்டாம். "இன்று காலை நமக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை, இன்று பள்ளிக்கு வராத ஒரு நண்பருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள்" என்றால் போதும். எழுதச் சிரமப்படும் பிள்ளை மூன்று படம் வரைந்து ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாக்கியம் எழுதலாம். நடந்துகொண்டே பாருங்கள், ஆனால் பிழை திருத்தாதீர்கள். ழகர, ளகரக் குழப்பம் யார் யாருக்கு இருக்கிறது என்று உங்கள் குறிப்பேட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஐந்து நிமிடம் அவர்களோடு உட்காரலாம்.

3.15: கடைசி அளவு

குச்சி நிழல் மீண்டும் நீண்டிருக்கும், எங்களுக்கு 57. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் சுண்ணக்கட்டிப் பாதத்தின் மேல் சரியாகக் கால் வைத்து நிற்கட்டும். வரைந்த நிழல் ஒரு பக்கம் கிடக்கும், உண்மை நிழல் வேறு பக்கம் நீண்டிருக்கும். எவ்வளவு குனிந்தாலும், எப்படி வளைந்தாலும் பழைய கோட்டுக்குள் போக முடியாது. இரண்டு நிழல்களையும் மாறி மாறிப் பார்க்கும் முகங்களுக்காகவே இந்த நாளை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன்.

3.25: வட்டத்துக்குத் திரும்புதல்

ஐந்து நாடாக்களும் ஒட்டிய சார்ட்டை நடுவில் வையுங்கள். 62, 35, 21, 33, 57: ஒரு பள்ளம்போல இறங்கி ஏறும். காலையில் வரைந்த தாள்களைச் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்து, பழைய படத்தை அழிக்காமல் பின்பக்கத்தில் புதிதாக வரையச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பிள்ளையிடமே இருக்கட்டும், பெற்றோரிடம் காட்டி விளக்கட்டும்.

மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள், ஏடுகளை மூடிவைத்த பிறகு. நிழல் எப்போது குட்டையாக இருந்தது? ஏன்? இரவு ஏழு மணிக்கு நம் குச்சிக்கு நிழல் இருக்குமா? முதலில் ஒவ்வொருவரும் தனியே யோசிக்கட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும், அதன் பிறகே வகுப்புக்குச் சொல்லட்டும். மூன்றாவது கேள்விக்கு ஒரே விடை வராது. "தெருவிளக்கு இருந்தால்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேட்காதீர்கள், அன்றிரவு யாராவது பார்த்துவிட்டு வந்து மறுநாள் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு

அதே கேள்விகளை மறுநாள் காலையில் இரண்டு நிமிடமும், ஒரு வாரம் கழித்து ஒரு முறையும் கேளுங்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கற்றது ஆழமாகப் பதிகிறது.

இந்த நாளை முதன்முறை செய்யும்போது எல்லாவற்றையும் செய்து முடித்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். கணக்கு இழுத்துக்கொண்டு போனால் டார்ச் சோதனையை மறுநாளுக்கு வைக்கலாம், விளையாட்டை விட்டுவிடலாம். ஐந்து அளவுகள், காலை ஊகம், மாலை எழுத்து ஆகிய மூன்றை மட்டும் விடாதீர்கள்.

ஒரே ஒரு குச்சியை மட்டும் பிடுங்காமல் விட்டுவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், எப்போதும் மதியம் பன்னிரண்டு மணிக்கு, இரண்டு பிள்ளைகள் போய் அளந்து ஒரு நாடா வெட்டி வந்து சார்ட்டில் ஒட்டட்டும். ஒரு மாதம் போனதும், ஒரே நேரத்தில் வெட்டிய நாடாக்கள் ஏன் ஒரே நீளமாக இல்லை என்று யாராவது உங்கள் மேசைக்கு வந்து கேட்பார்கள். உலக உருண்டையைத் தயாராக வைத்திருங்கள்.